சிவப்பு என்றால் உசுரு

மாப்ள,

நேற்று மதுரைக் கோர்ட்டில் அரக்கு வைத்து ஒட்டியிருந்த ஒரு காக்கி உறையைப் பிரித்தார்கள். நான் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன். உறைக்குள்ளிருந்து உன் படத்தை உருவி எடுத்து, "இதை அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டார்கள். தெரியாமல் என்ன! மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் நானே லேமினேஷன் போட்டு உன் கையில் கொடுத்த செயற்கைக்கோள் படம். அதை நான்காக மடக்கி இடுப்பில் செருகிக்கொள்வாய். மடக்காதேடா, வெடித்துவிடும் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். மடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கீறிக் கிடந்தது. ஆனால் என்னை நிலைகுலைய வைத்தது அது இல்லை. வாசம்.

சோழவந்தானில் எங்கள் அப்பாவின் கொடிக்காலிலிருந்து நான் கொண்டுவந்து தரும் வெற்றிலையை அந்த மடிப்புக்குள்தானே வைப்பாய்? இரண்டு வருஷம் அரக்குக்குள் கிடந்தும் வெற்றிலையும் புகையிலையும் கலந்த அந்த வாசம் போகவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "தெரியும், இது என் நண்பனுடையது" என்றேன். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு வராது.

நாம் சந்தித்ததே அடியில்தான். உனக்கு மறந்திருக்கலாம், என் கீழ்த்தாடைக்கு மறக்கவில்லை. நீ வனத்துறையில் தற்காலிகக் காவலாள். நான் வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் காடு எங்கே தழைக்கிறது, எங்கே அழிகிறது என்று கணினியில் கணக்குப் பார்க்கிறவன். மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஏசி அறை வேலை. படத்தில் தெரிவது தரையிலும் இருக்கிறதா என்று சரிபார்க்க, மேலூருக்கு வடக்கே இருக்கும் பாறைக் குன்றுக்கு, உன் கரட்டுக்கு, ஒரு காலையில் தனியாக வந்தேன். இடம் குறிக்கும் கருவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். கள்ளிப் புதருக்குள் போய் விழுந்தேன். புரண்டு எழுவதற்குள் தாடையில் ஒன்று. அப்புறம் நெஞ்சில் உன் கால்.

"எந்தக் குவாரிக்குடா அளக்குற?"

"அளக்க வரலைய்யா. மரத்தப் பாக்க வந்தேன்."

"மரத்தப் பாக்குறதுக்கு எதுக்குடா மிசினு? கண்ணு அவிஞ்சு போச்சா?"

அனுமதிக் கடிதம் பைக்குள் இருந்தது. பையை நீ ஏற்கனவே பள்ளத்தில் எறிந்திருந்தாய். நீயே இறங்கிப் போய் எடுத்துவந்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாய். "எங்கடா சொல்ல விட்ட?" என்று நானும் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ சிரித்தாய். அப்புறம் என் முதுகில் ஏறியிருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாய். மதியத்துக்குள் மாப்ள ஆகிவிட்டோம். உன் சினேகம் அப்படித்தான், அடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும்.

அன்றைக்கு மடிக்கணினியைத் திறந்து உன் கரட்டைக் காட்டினேன். படம் முழுக்கச் சிவப்பு. நீ பதறிப் போனாய். "என்னடா இது, எரியுதா?" என்றாய். சொன்னேன்: இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்புகின்றன. மேலே சுற்றுகிற கருவிக்கு அது தெரியும். தெரியாத ஒளிக்கு ஏதாவது ஒரு நிறம் கொடுத்தால்தானே மனிதன் பார்க்க முடியும்? அந்தக் காலத்திலிருந்தே அதற்குச் சிவப்பு கொடுத்துப் பழகிவிட்டார்கள். நல்ல துளிர் என்றால் கடும் சிவப்பு. வாடினால் வெளிறும். பாறையும் பொட்டலும் சாம்பல் நிறம்.

நீ திரையை விரலால் தடவிப் பார்த்தாய். "அப்ப இது ரத்தம்தான். சிவப்புன்னா உசுரு" என்றாய். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, "இம்புட்டையும் மேல இருக்குறவனா பாக்குறான்?" என்று கேட்டாய். அன்றிலிருந்து செயற்கைக்கோளுக்கு அதுதான் பெயர். நான் போனில் கூப்பிட்டால் நீ நலம்கூட விசாரிக்க மாட்டாய். "மேல இருக்குறவன் என்ன சொல்றான்?" என்றுதான் எடுப்பாய்.

மேலே இருக்கிறவன் சொன்னது பாதி நாள் தப்பு. ஓடைக்கரை நெடுகவும் அடர்ந்த நல்ல காடு என்று என் கணினி அடித்துச் சொன்னது. நான் அதை நம்பி ஒரு அறிக்கையே எழுதிவிட்டேன். நீ என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். அம்புட்டும் சீமைக்கருவேல். கோடையில் உசிலை மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு நின்றபோது அது செத்துப்போன காடு என்றது கணினி. நீ நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினாய். "மேல இருக்குறவனுக்குக் கண்ணு தெரியுது மாப்ள, ஆளு தெரியல" என்றாய். என் படிப்பு முழுவதற்கும் அதைவிடச் சுருக்கமான ஒரு விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அதன்பிறகு நீ நடந்து நடந்து எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் என் வரைபடம் மனிதர் பார்க்கிற மாதிரி ஆயிற்று. அறிக்கையில் உன் பெயரைச் சேர்க்க நான் சண்டை போட்டேன். சேர்க்கவில்லை. நன்றி என்று ஒரு வரியில் 'களப் பணியாளர்கள்' என்று போட்டார்கள். எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

மரம் வெட்டியிருக்கிற இடத்தை மட்டும் உன் படத்தில் நான் பேனாவால் கறுப்பு வட்டம் போட்டுத் தருவேன். அப்படி ஒரு வட்டத்தைத் தேடித் தனியாகப் போய்த்தான் முதல் வருஷம் நீ கையை ஒடித்துக்கொண்டு வந்தாய். கோடாலிக் காம்பால் அடித்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நீயே ஒரு சட்டம் போட்டாய்.

"இனிமே கறுப்பு வட்டம்னா நாலு பேரு, கையில அருவா, வனவருக்கு ஒரு போனு. சிவப்புன்னா உசுருதான, அதுக்கு நான் ஒத்தையாப் போவேன்."

உன் மனைவி பக்கத்தில் நின்று, "இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். நீ கட்டுப் போட்ட கையை நீட்டி, "பேனா குடு" என்றாய். மூவரும் சிரித்தோம்.

அந்தப் பன்றியையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

மாசி மாதம். காலை பத்து மணி இருக்கும். அடிவாரத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டு ஓடினோம். யாரோ அவுட்டுக்காய் வைத்திருந்தார்கள், பழத்துக்குள் வெடிமருந்து. தண்ணீர் தேடி இறங்கிவந்த பெட்டைப் பன்றி அதைக் கடித்திருந்தது. கீழ்த்தாடை இல்லை. நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அது சாகாமல் வட்டம் வட்டமாகச் சுற்றியது. நீ வனவருக்குப் போன் போட்டுப் பார்த்தாய், கிடைக்கவில்லை. கால் மணி நேரம் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு ஒரு பெரிய கல்லைத் தூக்கினாய். ஒரே போடு. முகத்தில் தெறித்ததைத் துடைக்காமல், அப்படியே நேராக நடந்து ஊருக்குள் போய், அதை வைத்தவனை அவன் வீட்டு வாசலிலேயே வைத்து வெளுத்தாய். அவன் பல் ஒன்று தெறித்து விழுந்தது. "இதுக்கு நீ அனுபவிப்படா" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. "போடா" என்றுவிட்டு வந்தாய்.

அன்று மதியம் நீ சாப்பிடவில்லை. "மேல ஒரு ஊத்து இருந்தா அதுக கீழ எறங்குமா? எறங்குனாத்தான இந்த நாயிக வெடி வைக்கும்? மாப்ள, ஒன் மேல இருக்குறவன்ட்ட கேளுடா, கோடையிலயும் சிவப்பா எங்கயாச்சும் இருக்கானு. அங்க தண்ணி இருக்கும். தோண்டிருவோம்." கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கேட்டாய். நானும் கோடைப் படங்களைத் துழாவிக்கொண்டே இருந்தேன். கரடு முழுக்கச் சாம்பல்தான், ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இல்லை.

இனிமேல் எழுதுவதுதான் நான் உனக்குச் செய்தது.

மறு வருஷம் பங்குனி. போன வருஷத்துப் படத்தையும் அந்த வருஷத்துப் படத்தையும் ஒன்றோடொன்று கழித்து, எங்கே மரம் குறைந்திருக்கிறது என்று மட்டும் காட்டும் ஒரு புது வரைபடம் போட்டேன். வடக்குச் சரிவில் ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருந்தது. இலையுதிர்வு இல்லை. பழைய பாறைக்குழியிலிருந்து சரிவுக்கு ஒரு வண்டித்தடம்கூட விழுந்திருந்தது. அதை முதலில் கறுப்பில்தான் போட்டேன். எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டம் ஒன்றில் அதைப் பார்த்த ஒருவர், "அபாயம்னா சிவப்புதானே சார், கறுப்புன்னா யாருக்குப் புரியும்?" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு சொடுக்கு. கறுப்பெல்லாம் சிவப்பாயிற்று. மீதிக் கரடு சாம்பல்.

முழுப் படத்தையும் அலுவலகத்துக்கு அனுப்பினேன், மூலையில் நிறத்துக்கு விளக்கம் எல்லாம் போட்டு. உனக்கு அனுப்பும்போது உன் கரட்டில் சிக்னல் கிடைக்காதே, பெரிய கோப்பு இறங்காதே என்று, வடக்குச் சரிவை மட்டும் வெட்டி எடுத்துப் போனில் தட்டிவிட்டேன். விளக்கம் வெட்டுப்பட்ட பகுதியோடு போயிற்று. 'வடக்குச் சரிவு. பார்' என்று இரண்டே சொல். மணி பத்து இருக்கும். வேண்டுமென்று செய்யவில்லை என்று எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டாலும், செய்தவன் நான்தான்.

பத்தரைக்கு நீ குரல் பதிவு அனுப்பியிருந்தாய். நான் கூட்டத்தில் இருந்தேன். பார்த்தேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கூட்டம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்றரை மணிக்குத்தான் காதில் வைத்தேன்.

"மாப்ள! கண்டுட்டான்டா மேல இருக்குறவன்! பங்குனி வெயில்ல இம்புட்டுச் சிவப்பா? வடக்குச் சரிவுல ஊத்துக் கண்டிருக்குடா, சத்தியமா! அங்கிட்டுப் போயி நாலு மாசமாச்சு. நான் மம்பட்டிய எடுத்துக்கிட்டு இப்பவே போறேன். அருவால்லாம் வேணாம், கனம். நீ ஞாயித்துக்கெழம வெத்தலயோட வா. சரி, போயிப் பாத்துட்டு வாரேன்."

உடனே உன்னைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. வனவரைக் கூப்பிட்டு, "அது தண்ணி இல்ல, வெட்டுற எடம், ஆள அனுப்புங்க" என்று கத்தினேன். வண்டியை முறுக்கிக்கொண்டு மேலூர் தாண்டிக் கரட்டுக்கு வந்து சேர்ந்தபோது வனவர் அனுப்பிய நான்கு பேர் சரிவில் இருந்தார்கள். நீ இல்லை. உன் பை ஒரு உசிலைத் தூருக்குப் பக்கத்தில் கிடந்தது, அதற்குள் படமும் வெற்றிலையும். தரையில் இருந்ததை இலை என்று நினைத்து மிதித்துவிட்டேன். ரத்தம், காய்ந்திருந்தது.

மறுநாள் காலை பாறைக்குழித் தண்ணீரில் மிதந்தாய். கால் தவறி விழுந்திருப்பான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிணவறை வாசலில் உன்னை அடையாளம் காட்டியவன் நான்தான், உன் மனைவியை உள்ளே விடவில்லை. பிடரியில் இரண்டு வெட்டு, காதோடு சேர்த்து ஒன்று. உன் மம்பட்டியாலேயே வெட்டியிருந்தார்கள். விரல்கள் மூன்று இல்லை. தடுத்திருக்கிறாய். கால் தவறி விழுந்தவனுக்கு எதற்கடா விரல் போகிறது என்று அங்கேயே கத்தினேன். என்னை வெளியே தள்ளினார்கள்.

தேதி வாரியாகப் படங்களை எடுத்துப் போலீசிடம் கொடுத்தேன். எந்த வாரம் எந்த மரம் போனது, வண்டித்தடம் எப்போது விழுந்தது, அது எந்தக் குழியில் போய் முடிகிறது என்று எல்லாம். தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருவன் பல் போனவன். மேலே இருக்கிறவன் பார்த்திருந்தான் மாப்ள. ஐந்து நாளைக்கு ஒரு முறை தவறாமல் பார்த்திருந்தான். உன்னைக் காப்பாற்ற மட்டும் அவனுக்குக் கை இல்லை.

எல்லாவற்றையும் கொடுத்தவன் அந்தக் குரலை மட்டும் கொடுக்கவில்லை. உன் போன் குழித் தண்ணீரோடு போயிற்று. நான் வெட்டி அனுப்பிய படமும் உன் பதிலும் என் போனில் மட்டும் இருந்தன. கொடுத்தால், "ஏன் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷமாகப் போனான்?" என்று கேட்பார்கள். "நான் நிறத்தை மாற்றியதைச் சொல்லவில்லை" என்று சொல்ல வேண்டும். யாரிடம்? உன் மனைவி முன்னால். பயந்தேன். நான் கோழை. இதை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

ஒளித்ததற்குக் கூலி வந்தது. வழக்கு நடக்கத் தொடங்கியதும் எதிர்த்தரப்பு ஒரு கதை கட்டியது. நீ வெட்டுகிற மரத்தில் பங்கு கேட்டு மிரட்டினாயாம். அதனால்தான் யாருக்கும் சொல்லாமல், உடன் ஆள் இல்லாமல், அரிவாள்கூட எடுக்காமல் தனியாக வந்தாயாம். வந்த இடத்தில் வாய்த்தகராறு முற்றி, நீயே மம்பட்டியை ஓங்கி, நீயே விழுந்தாயாம். அன்று கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது, ஜாமீனில் இருந்த பல் போனவன் டீக்கடை வாசலில் நின்று யாரிடமோ சொன்னான்.

"களவாணிப்பய, அவனும் கூட்டுத்தான. இல்லாட்டி ஒத்தையா வருவானா?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. பாய்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டேன். கண்ணாடி டம்ளர் அடுக்கு சரிந்தது. அவன் தலையைக் கடை மேடையில் மோதினேன், ஒரு தடவை, இரண்டு தடவை. "அவன் களவாணி இல்லடா! அவன் களவாணி இல்லடா!" என்று நான் கத்தியது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாம். அவன் நெற்றியில் ரத்தம் பார்த்தபோது எனக்கு இனித்தது. இதை எழுதக் கூசுகிறேன், ஆனாலும் இனித்தது. இன்னும் ஒரு மோது மோதியிருந்தால் இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்து எழுதியிருப்பேன். என் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது உன் மனைவி. தன் தையல் கடையை அடைத்துவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் வந்துவிடுவாள்.

மூச்சு வாங்க என் முன்னால் நின்று கேட்டாள்: "அவரு களவாணி இல்லேன்னு எனக்கும் தெரியும்ணே. அப்ப ஏன் ஒத்தையாப் போனாரு? என் முன்னாடிதான சொன்னாரு, நாலு பேரோட போவேன்னு?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் சட்டைப் பையில் இருந்தது.

அங்கே சொல்லவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி, கோச்சடையில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பு, சிவப்பு, கூட்டம், ஒரு சொடுக்கு, வெட்டிய படம், கவிழ்த்து வைத்த போன். நான் முடித்ததும், "போடுங்க" என்றாள். போட்டேன். அவள் போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். நீ 'ஊத்துக் கண்டிருக்குடா' என்று கத்துகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சிரித்தாள்.

பிறகு எழுந்து என்னை அறைந்தாள். ஒன்றல்ல. கை ஓயும்வரை அறைந்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. நிறத்தை மாற்றியதற்கு அடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நெறத்த மாத்துனதுக்கு இல்ல," என்றாள். "தெரியாம செஞ்சீங்க, அதுக்கு நீங்களே சாவீங்க. ரெண்டு வருஷமாச்சுண்ணே. அவரு கொரலு எப்புடி இருக்கும்னு மறந்துபோச்சுன்னு நான் அழாத நாளு இல்ல. இம்புட்டு நாளா அத ஒங்க பையிலயே வச்சிருந்தீங்களா?"

அந்த நிமிஷமே பதிவை அவள் போனுக்கு அனுப்பினேன்.

மறுநாளே என் போனைப் போலீசில் ஒப்படைத்தேன். இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று விசாரித்தார்கள், திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். சோதித்துச் சான்று வாங்கி, மனுப் போட்டு, என்னை மறுபடி சாட்சியாக அழைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதுதான் நேற்று.

படத்தை அடையாளம் காட்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஒரு கையில் உன் லேமினேஷன் படம், மறு கையில் நான் வெட்டி அனுப்பியது. "இதில் சிவப்பு என்றால் மரம். இதில் சிவப்பு என்றால் மரம் இல்லை. இரண்டையும் போட்டவர் நீங்கள். எது பொய்?" என்றார்.

"ரெண்டுமே உண்மை" என்றேன். "ஆனா ரெண்டாவதுல நிறத்த மாத்துனத அவன்கிட்ட நான் சொல்லல. அவன் மொதல் படத்த நம்புனவன். உசுரு இருக்குன்னு நெனச்சுத் தண்ணி தோண்டப் போனான். அதனாலதான் ஒத்தையாப் போனான். அதனாலதான் கையில மம்பட்டி. பங்கு கேக்கப் போனவன் பன்னிக்குக் கெணறு வெட்ட ஏன்யா போறான்? அவனக் கொன்னது இவய்ங்க. அங்க அனுப்பி வச்சது நான்."

நீதிபதி குரலைப் போடச் சொன்னார். சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வைத்தார்கள். நீ அந்த அறைக்குள் வந்தாய் மாப்ள. ஃபைல் புரட்டுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. உன் மூச்சிரைப்பு, பின்னால் ஒரு குயில், மம்பட்டி கல்லில் உரசுகிற சத்தம், எல்லாம் துல்லியமாகக் கேட்டன. பல் போனவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு என்ன வருமோ தெரியாது. ஆனால் நீ களவாணி என்று இனி எவனும் அங்கே வாய் திறக்க முடியாது.

'சரி, போயிப் பாத்துட்டு வாரேன்' என்று நீ சொல்லி முடித்தாய். ஒலிபெருக்கி கரகரத்து நின்றது.

கடைசி பெஞ்சிலிருந்து உன் மனைவியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. நீ வேலைக்குக் கிளம்பும்போது தினமும் வாசலில் நின்று சொல்வாளே, அதே மாதிரி.

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க."

யாரும் அவளை அதட்டவில்லை. நான் கூண்டில் தலை குனிந்து நின்றேன். அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, போனைக் கவிழ்த்து வைக்காமல், "போகாதடா" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.